ஒரு ‘ஆம்’ மாற்றிய கடல் டூர்!

எங்கள் வீட்டில் டூர் என்றால் முதலில் ஓர் எக்ஸெல் ஷீட் பிறக்கும். என் கணவர் அதில் கலர் கலராகக் கட்டம் போடுவார். விமானம் ஒரு நிறம், ஹோட்டல் ஒரு நிறம், சாப்பாடு ஒரு நிறம். போன வருஷம் கோடை விடுமுறைக்குப் பிறந்த ஷீட்டில் எல்லாக் கட்டங்களும் நீல நிறம். கேட்டதற்கு, “கடல்” என்றார். “எல்லாரும் ஸ்கூபா பண்றோம்.”

எல்லாரும் என்றால்? ஹூஸ்டனில் இருக்கும் எங்கள் வீட்டில் ஆறு மாதத்துக்கு வந்திருந்த என் அம்மாவையும் சேர்த்து ஐந்து பேர். அவருக்கு 44 வயது. எனக்கு 41. மகனுக்கு 13, மகளுக்கு 11. அம்மாவுக்கு 68. தூத்துக்குடிக்காரியாக இருந்தும் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்காதவர் அம்மா. நானும் அதே ரகம்தான். அந்த ஷீட்டில் என் பெயருக்கு நேரே ‘கரையில் புத்தகம்’ என்று நானே டைப் செய்துவிட்டேன்.

இடம் போனேர். கரீபியன் கடலின் தெற்கு ஓரத்தில், வெனிசுவேலா கரையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கும் குட்டித் தீவு. அரூபாவும் குராசோவும் அதன் அக்கம்பக்கம். நெதர்லாந்தைச் சேர்ந்தது. ஆனால் செலவாவது டாலர். 2011-லிருந்து அதுதான் அங்கே பணம். தெருவில் பேசுவது பாப்பியமென்டு என்ற கலவை மொழி. ஹூஸ்டனிலிருந்து சனிக்கிழமை நேரடி விமானம் கிடைத்தது. சுமார் ஐந்து மணி நேரம்.

ஏன் இந்தத் தீவு என்றால், குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. மற்ற பல இடங்களில் பவளப்பாறையைப் பார்க்கப் படகேறி நடுக்கடலுக்குப் போக வேண்டும். படகு ஆடும், பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள், ஒருவருக்கு முடியவில்லை என்றால் எல்லாரும் காத்திருக்க வேண்டும். போனேரில் பாறை கரைக்குப் பக்கத்திலேயே தொடங்கிவிடுகிறது. சாலையோரம் மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லில் இடத்தின் பெயர் எழுதியிருக்கும். வண்டியை நிறுத்தி, டாங்க்கை மாட்டிக்கொண்டு நடந்தே இறங்கலாம். பிடிக்கவில்லையா, நடந்தே கரையேறலாம். மேற்குக் கரை காற்று மறைவு என்பதால் பெரும்பாலும் குளம் மாதிரி இருக்கும்.

தீவுக்காரர்களுக்கும் ஒரு சபாஷ் சொல்லிவிட வேண்டும். மீனைக் குத்திப் பிடிக்கும் வேட்டையை 1971-லேயே தடை செய்தவர்கள். 1979-ல் தீவைச் சுற்றியுள்ள கடலையே பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். கையுறை போட்டுக்கொண்டு டைவ் செய்யக்கூட அங்கே அனுமதி இல்லை. கையுறை இருந்தால் பவளத்தைத் தொடத் தோன்றுமாம். வெறும் கை என்றால் பயந்து தள்ளியே இருப்போம்!

டிக்கெட் போட்டாயிற்று. வீடு பிடித்தாயிற்று. டைவ் கடையிலிருந்து ஒரு ஃபாரம் மெயிலில் வந்தது. உடல்நலக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றால் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். சிலவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் டாக்டர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் தண்ணீர்.

ராத்திரி சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவர் டிக் அடித்துக்கொண்டே போனார். இல்லை, இல்லை, இல்லை. மகன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கடந்த 12 மாதங்களில் உடற்பயிற்சியைத் தடுக்கும் அளவுக்கு ஆஸ்துமா, மூச்சிரைப்பு இருந்ததா என்று ஒரு கேள்வி. அதற்கும் ‘இல்லை.’

“அப்பா, ஜனவரியில ஜாகிங் போயிட்டு வந்து இன்ஹேலர் எடுத்தீங்களே?”

“அது குளிர்னால வந்ததுடா. ரெண்டே நாள்.”

“அப்புறம் ஜாகிங் போறதையே விட்டுட்டீங்களே?”

அவர் பதில் சொல்லவில்லை. நான் தட்டை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கும் ‘விட்டுவிடலாமே’ என்றுதான் இருந்தது. மூன்று மாதமாகக் கனவு கண்ட மனுஷர். பணம் கட்டியாகிவிட்டது. யார் வந்து சோதிக்கப் போகிறார்கள்? இப்படி எத்தனை ஃபாரங்களில் எத்தனை ‘இல்லை’ போட்டிருப்போம்!

“ஏங்க, அந்தக் கேள்வியை எதுக்குக் கேட்கிறாங்கன்னு மட்டும் பார்த்துடுவோம்” என்றேன். பார்த்தோம். பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை.

விஷயம் இதுதான். முதுகில் இருக்கும் டாங்க்கில் இருப்பது ஆக்ஸிஜன் அல்ல. பலரும் அப்படி நினைக்கிறோம். நாம் இப்போது மூச்சு விடும் அதே காற்றுதான், அழுத்தி அடைத்தது. பத்து மீட்டர் ஆழத்தில் நம்மைச் சுற்றியுள்ள அழுத்தம் தரையில் இருப்பதைப் போல் இரண்டு மடங்கு. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். மூச்சை விட்டுக்கொண்டே வந்தால் பிரச்னை இல்லை. அடைத்துக்கொண்டு வந்தால், நாலைந்து அடி உயர்வதற்குள்ளேயே நுரையீரல் கிழிய வாய்ப்பு உண்டு. அந்தக் காற்று ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஆஸ்துமாக்காரருக்கு என்ன சிக்கல்? அவர் மூச்சை அடக்காவிட்டாலும், சுருங்கிய மூச்சுக்குழாய்க்குப் பின்னால் காற்று தானாகவே மாட்டிக்கொள்ளலாம். அதுவும் டாங்க்கிலிருந்து வருவது குளிர்ந்த, ஈரமே இல்லாத காற்று. கூடவே உடல் உழைப்பு. ஜனவரி ஜாகிங்கில் இருந்த அதே இரண்டு விஷயம்.

இதை மறுநாள் அம்மாவிடம் விளக்கினேன். அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டார்: “ஏட்டி, நம்மூர்ல சங்கு குளிக்கப் போறவங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தானே போவாங்க? அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?”

நல்ல கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. பிற்பாடு டைவிங் வகுப்பில்தான் புரிந்தது. சங்கு, முத்து குளித்த அந்தக் காலத்து ஆட்கள் மேலே இழுத்த காற்றோடு இறங்கினார்கள். கீழே போகப் போக அது சுருங்கும். மேலே வந்தால் பழைய அளவுக்குத் திரும்பும், அதற்கு மேல் விரியாது. நாம் கீழே போய்க் கீழேயே புதுக் காற்றை இழுக்கிறோம். அதனால்தான் ஸ்கூபாவில் முதல் பாடம், மூச்சை ஒருபோதும் அடக்காதே. (அவர்களுக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. அது வேறு கணக்கு.)

டாக்டரிடம் போனோம். ஆஸ்துமா இருந்தாலே முடியாது என்று அவர் கதவைச் சாத்தவில்லை. கட்டுக்குள் இருக்கும் சிலருக்குச் சோதனைகளுக்குப் பிறகு அனுமதி தருவதும் உண்டாம். குழாயில் ஊதச் சொன்னார். டிரெட்மில்லில் ஓடவிட்டு மறுபடி ஊதச் சொன்னார். இரண்டாவது முறை அளவு இறங்கிவிட்டது. பேப்பரைத் திருப்பிக் காட்டி, “உங்களுக்கு வேண்டாம். மேலே மிதந்துகொண்டு ஸ்நார்கெல் தாராளமாகச் செய்யுங்கள், இன்ஹேலரைக் கரையில் வைத்துக்கொண்டு” என்றார்.

காரில் இருபது நிமிஷம் அவர் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் எக்ஸெல்லைத் திறந்தார். தன் பெயருக்கு நேரே இருந்த நீலத்தை அழித்தார். அப்புறம்தான் சிக்கல் தெரிந்தது. பிள்ளைகளோடு யார் இறங்குவது?

வயது விதி என்று ஒன்று இருக்கிறது. பெரிய பயிற்சி நிறுவனமான பாடியின் கணக்குப்படி, எட்டு வயதில் இரண்டு மீட்டருக்குள் முதல் ருசி காட்டலாம். பத்து வயதிலிருந்து முறையான கோர்ஸ். பத்து, பதினொன்று வயதுப் பிள்ளைகள் கோர்ஸ் முடித்த பிறகும் சான்றிதழ் பெற்ற பெற்றோர் அல்லது தொழில்முறை வழிகாட்டி கூடவே இருந்தால்தான் இறங்கலாம். அதுவும் 12 மீட்டர் வரைதான். பன்னிரண்டிலிருந்து பதினான்கு வயது என்றால் பெரியவர் ஒருவரோடு 18 மீட்டர் வரை.

சட்டப்படி ஒரு வழிகாட்டியைச் சம்பளத்துக்கு வைத்தால் போதும். ஆனால் என் மகள், “அப்பா வரலைன்னா நானும் இறங்க மாட்டேன்” என்று உட்கார்ந்துவிட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்படிப் பார்த்திருக்க வேண்டாம்!

நாற்பத்தியொரு வயதில் நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். என் பேட்ச்சில் மீதி ஏழு பேருக்கும் வயது ஆறுக்குள். முதல் நாள் ஒரு சுட்டிப் பையன் எனக்குத் தண்ணீருக்குள் கண் திறப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தான். டைவிங் கோர்ஸுக்கு நிற்காமல் 200 மீட்டர் நீந்த வேண்டும். பத்து நிமிஷம் எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். வேகம் முக்கியமில்லை, ஸ்டைலும் முக்கியமில்லை. எனக்கு ஏழு வாரம் ஆயிற்று. நீச்சல் உடையில் கூச்சமாக இருப்பவர்களுக்கு ஒன்று: முழுக்கை மேலாடையும் கணுக்கால் வரைக்குமான லெக்கிங்ஸும் நீச்சலுக்கென்றே விற்கிறார்கள். கடலுக்கு அதுதான் நல்லதும்கூட. முதுகு கருகாது, சன்ஸ்கிரீனும் பாதி மிச்சம்.

இதில் பணமும் நாளும் மிச்சமாகும் வழி ஒன்று. பாடத்தை ஆன்லைனிலும், நீச்சல்குளப் பயிற்சியை உங்கள் ஊரிலும் முடித்துக்கொள்ளுங்கள். கடலில் செய்ய வேண்டிய நான்கு டைவ்களை மட்டும் தீவில் வைத்துக்கொள்ளலாம். இதற்கு ரெஃபரல் என்று பெயர். இல்லாவிட்டால் கரீபியன் வரை போய் விடுமுறையில் பாதியை வகுப்பறையில் கழிப்பீர்கள்.

மாஸ்க்கை மட்டும் வாடகைக்கு எடுக்காமல் சொந்தமாக வாங்குங்கள். முகத்தில் வைத்து, வாரைப் போடாமல், மூக்கால் லேசாக இழுத்தால் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதுதான் உங்கள் அளவு. கண்ணாடி போடுகிறவர்களுக்குப் பவர் வைத்த மாஸ்க்கே கிடைக்கிறது. மகளின் மாஸ்க்கில் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. காரணம் நெற்றியில் விழுந்த நாலு முடி. இழுத்துப் பின்னல் போட்டேன், நின்றது. கூந்தலுக்கு எண்ணெய் வைத்தால் மாஸ்க் வழுக்கும் என்றதும் அம்மாவுக்குத்தான் வருத்தம்.

பெண்கள் தனியாக மெசேஜ் அனுப்பிக் கேட்பீர்கள் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாதவிடாய் நாட்களில் டைவ் செய்யலாம். சுறா வரும் என்பது கதை. கர்ப்பமாக இருந்தால் மட்டும் கூடாது. ஆரம்பத்தில் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தாலும் தள்ளிப்போடுங்கள்.

இன்ஷூரன்ஸ் பாலிசியையும் வரி வரியாகப் படியுங்கள். பல சாதாரணப் பயணப் பாலிசிகளில் ஸ்கூபா சேராது. சேர்ந்தாலும் இத்தனை மீட்டருக்கு மேல் இல்லை என்றிருக்கும். டைவர்களுக்கென்றே தனிக் காப்பீடு இருக்கிறது, அதைத்தான் எடுத்தோம். விசா விஷயம்: போனேர் நெதர்லாந்தின் பகுதி என்றாலும் ஷெங்கன் எல்லைக்குள் வராது. கரீபியன் பகுதிக்கென்று தனி விதி. உங்கள் பாஸ்போர்ட்டுக்கு என்ன வேண்டும் என்று டச்சுத் தூதரகத்தின் தளத்தில் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். எங்களை மாதிரி ஊரிலிருந்து வந்த பெற்றோரையும் கூட்டிப்போகிறவர்கள், அவர்களின் அமெரிக்க விசா பல முறை நுழைய அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் போகலாம், திரும்ப முடியாது!

தீவுக்குள் நுழையப் பெரியவர்களுக்குத் தலைக்கு 75 டாலர் வரி. சின்னப் பிள்ளைகளுக்கு 10 டாலர். கடலில் இறங்க இன்னொரு 40 டாலர் இயற்கைக் கட்டணம். ஐந்து பேர் குடும்பத்துக்கு இது பட்ஜெட்டில் ஓட்டை போடும் தொகை. முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, தீவுக்குப் போவோம். விமானத்திலிருந்து இறங்கியதும் காற்று. நிற்காத காற்று. சாலையோரம் கள்ளிச்செடி, நடுச்சாலையில் கழுதை. அம்மா இறங்கிய ஐந்தாவது நிமிஷம், “இது என்னட்டி, நம்ம தேரிக்காடு மாதிரியில்லா இருக்கு. இதுக்கா இம்புட்டுத் துட்டு?” என்றார். பச்சைப் பசேல் தென்னந்தோப்பை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். இந்தத் தீவின் சொத்தெல்லாம் தண்ணீருக்கு அடியில்.

சமையலறை உள்ள வீடாகப் பிடித்திருந்தோம். அது அம்மாவுக்காக எடுத்த முடிவு. கடைசியில் எல்லாருக்கும் அதுவே தெய்வமானது. தண்ணீரில் மூன்று மணி நேரம் இருந்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு வரும் பசி இருக்கிறதே, அது ரசம் சாதத்துக்கு மட்டுமே அடங்கும். குழாய்த் தண்ணீர் கடல்நீரைச் சுத்திகரித்தது; அப்படியே குடிக்கலாம். ஒரு நாள் சுரினாம்காரர் கடையில் ரொட்டி சாப்பிட்டோம். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் வட இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் காத்துவைத்திருக்கும் சுவை. அம்மா இரண்டு வாங்கிப் பார்சலும் கட்டச் சொன்னார்.

வண்டி என்றால் அங்கே பிக்கப் டிரக்தான். பின்னால் டாங்க்குகளை அடுக்க. கடலில் இறங்கும்போது வண்டியில் எதையும் வைக்காதீர்கள். பர்ஸ், போன், செருப்புகூட. ஆளில்லாத வண்டியைத் துழாவுகிறவர்கள் உண்டு. எங்களுக்குக் கவலையில்லை, கரையில் காவலுக்கு ஆள் இருந்தது. அம்மா மடக்கு நாற்காலியில், தலையில் துண்டோடு.

முதல் டைவ். இன்ஸ்ட்ரக்டர், நான், மகன், மகள். மூன்று மீட்டர் இறங்கியிருப்போம். மகள் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். ‘சூப்பர்’ என்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்தபடி உயர்த்தினேன். அவள் இன்னும் வேகமாக உயர்த்தினாள். அதற்குள் இன்ஸ்ட்ரக்டர் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தண்ணீருக்குள் கட்டைவிரல் மேலே என்றால் ‘சூப்பர்’ இல்லை, ‘மேலே போகணும்.’ வகுப்பில் பத்து தடவை சொல்லிக்கொடுத்ததுதான். பதற்றத்தில் எனக்கு மறந்துவிட்டது.

காது. அழுத்தம் கூடும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு லேசாக ஊதிக் காதைச் சமப்படுத்த வேண்டும். வலி வருவதற்கு முன்பே, இரண்டு மூன்று அடிக்கு ஒரு தடவை. அவளுக்கு விமானத்திலேயே லேசான சளி. சொல்லவில்லை. சொன்னால் இறக்கமாட்டோம் என்று பயம். “நீ ஏன் சொல்லலை?” என்று குரல் உயர்த்தப்போன நான், கரையில் நின்றிருந்த அவள் அப்பாவைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

அவர்தான் அவளைத் தூக்கிவந்து துண்டு சுற்றினார். சளியோடு டைவ் செய்யக்கூடாது. மூக்கடைப்பு மருந்து போட்டுக்கொண்டு சமாளிக்கலாம் என்று நினைக்கக்கூடாது. கீழே இருக்கும்போது மருந்தின் வேகம் குறைந்தால் மேலே வரும்போது காது அடைத்துக்கொள்ளும். அன்றும் மறுநாளும் அவளுக்கு லீவு.

டைவர்களிடம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும், எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல் டைவை நிறுத்தலாம். யாரும் ஏன் என்று கேட்கக்கூடாது, கேலி பேசக்கூடாது. எங்கள் வீட்டில் கார்ப் பயணத்தில் பாத்ரூமுக்கு நிறுத்தச் சொன்னாலே நாலு கேள்வி வரும். இந்த ஒரு சட்டத்தைப் பழகவே எங்களுக்கு இரண்டு நாள் ஆனது.

அந்த இரண்டு நாளும் மகளுக்கு வீணாகவில்லை. கிழக்குக் கரையில் சொரொபோன் என்று ஓர் இடம். பாறை அரண்கட்டி நிற்பதால் உள்ளே கடல் இடுப்பளவு. வெகுதூரம் நடந்துகொண்டே போகலாம். அங்கே என் அம்மா, வாழ்க்கையில் முதல் தடவையாக, இடுப்பு வரை கடலில் நின்றார். ஒரு பக்கம் பேத்தி, ஒரு பக்கம் மருமகன். “மாப்பிள்ளை, கையை விட்டுறாதீங்க” என்று சொல்லிக்கொண்டே ஒரு மணி நேரம் நின்றாராம். ஃபோட்டோவில்தான் பார்த்தேன். நான் அப்போது மறுகரையில், பத்து மீட்டர் ஆழத்தில், மாஸ்க்கைக் கழற்றி மாட்டும் பரீட்சையில் இருந்தேன்.

மகளுக்குச் சளி விட்டது. புதன்கிழமை இறங்கினாள். இந்தத் தடவை அடிக்கொரு தரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு, படிப்படியாக. நாங்களும் அவள் வேகத்துக்கே இறங்கினோம். எட்டு மீட்டரில் மணல் சரிவு முடிந்து பாறை தொடங்கும் இடத்தில், கிளிமீன் ஒன்று பாறையைக் கடித்துக்கொண்டிருந்தது. கடிக்கிற சத்தம் கேட்டது! முறுக்கு கடிப்பது போல. கிளிமீன் பாறையோடு சேர்த்துக் கடித்து அரைத்துக் கழிப்பதுதான் கரீபியன் கடற்கரைகளின் வெள்ளை மணலில் பெரும் பங்கு. இது தெரிந்த பிறகு என் மகன் மணலில் உட்காரும்போதெல்லாம் சிரிக்கிறான்.

தலைக்கு மேலே, கண்ணாடிக் கூரை மாதிரித் தெரிந்த நீர்மட்டத்தில் ஒரு நிழல் மிதந்து எங்கள் கூடவே வந்துகொண்டிருந்தது. ஆரஞ்சு ஸ்நார்கெல். அவர்தான். எட்டு மீட்டரில் தண்ணீர் அவ்வளவு தெளிவு. நாங்கள் கையாட்டுவது அவருக்கும் தெரிந்திருக்கிறது. ஆமையை முதலில் பார்த்ததும் அவர்தான். மேலேயிருந்து கை காட்டினார், நாங்கள் திரும்பிப் பார்த்தோம்.

ஒன்றை மறைக்கக்கூடாது. பாறைகளில் பல இடம் வெளுத்தும் செத்தும் கிடக்கிறது. கல் பவளங்களின் திசுவை அழிக்கும் ஒரு நோய் 2023-ல் இந்தத் தீவுக்கும் வந்துவிட்டது. கடல் சூடாவது வேறு. டைவ் முடிந்ததும் கருவிகளைக் கிருமிநாசினியில் கழுவச் சொல்கிறார்கள். அலுத்துக்கொள்ளாமல் கழுவுங்கள்.

வெள்ளிக்கிழமை டைவ் கிடையாது. இதையும் டிக்கெட் போடும்போதே கணக்கில் வைக்க வேண்டும். கோலி சோடாவை உடைத்ததும் நுரைத்துக்கொண்டு வருமே, அதுதான் விஷயம். ஆழத்தில் நம் ரத்தத்திலும் உடம்பிலும் நைட்ரஜன் கரைந்து ஏறியிருக்கும். மெதுவாக வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் விமானமேறி அழுத்தம் குறைந்தால் குமிழி விடும். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் பறக்கக்கூடாது. ஒரு நாள் முழுக்க விடுவது நிம்மதி. வியாழன் சாயங்காலம் மகன் வாட்ச்சில் கணக்குப் போட ஆரம்பித்தான்.

அந்த உலர்ந்த நாளை அம்மாவிடம் ஒப்படைத்தோம். தீவின் தெற்கே உப்பளம். ரோஸ் நிறத் தண்ணீர்ப் பாத்திகள், மலை மலையாக வெள்ளை உப்பு, தூரத்தில் ஃபிளமிங்கோ கூட்டம். அம்மா டிரக்கிலிருந்து இறங்கி, பாத்தி ஓரம் குனிந்து, ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். “நம்ம உப்புதான்” என்றார். அன்று முழுக்க அவர்தான் எங்களுக்கு கைடு. பாத்தி எப்படிக் கட்டுவது, தண்ணீரை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எப்படி மாற்றுவது, எந்தப் பதத்தில் வாருவது என்று பேரனுக்குப் பாடம்.

கொஞ்ச தூரத்தில் கடலைப் பார்த்தபடி வரிசையாகக் குட்டிக் குட்டிக் கல் வீடுகள். விளையாட்டு வீடு என்று நினைத்து மகள் ஓடினாள். வாசல் இடுப்பு உயரம்கூட இல்லை. 1850-ல் கட்டியவை. உப்பு அள்ளிய அடிமைகள் ராத்திரி படுக்க. இந்தத் தீவில் அடிமை முறை ஒழிந்தது 1863-ல். குடும்பமெல்லாம் வடக்கே ரின்கோன் கிராமத்தில். வாரக் கடைசியில் பல மணி நேரம் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டுமாம். அம்மா மண்டியிட்டு உள்ளே தலையை நுழைத்துப் பார்த்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

“ஆச்சி, உள்ள என்ன இருக்கு?” என்றாள் மகள்.

“ஒண்ணுமில்ல தாயி. காலை நீட்ட இடம் இல்ல” என்றார்.

சனிக்கிழமை விமான நிலையம். மகன் வாட்ச்சைக் காட்டி, “நாற்பது மணி நேரம் ஆச்சு, நாம சேஃப்” என்று அறிவித்தான். அவன் அப்பா லேப்டாப்பைத் திறந்து அடுத்த வருஷத்துக்கு ஒரு புது ஷீட் தொடங்கியிருந்தார். தன் பெயருக்கு நேரே ஆரஞ்சு நிறம். ஸ்நார்கெல்லின் அதே ஆரஞ்சு.

ஸ்கேன் மெஷினில் அம்மாவின் பையை மட்டும் நிறுத்திவிட்டார்கள். அதிகாரி திறந்து, ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிடித்து என்ன இது என்று கேட்டார். தீவின் உப்பு. கடையில் காசு கொடுத்து வாங்கியது. அவர் சிரித்துக்கொண்டே திருப்பி உள்ளே வைத்தார். அம்மா என் காதருகே வந்து சொன்னார்: “தூத்துக்குடிக்காரி கடல் தாண்டிப் போய் உப்பு வாங்கிட்டு வந்தான்னு ஊர்ல யார்ட்டயும் சொல்லிராதட்டி.”